மஞ்சள் அடித்த கட்டுரை

போன புதன்கிழமை தபாலில் எனக்கு ஒரு கவர் வந்தது. ஆவடி முத்திரை. பிரித்தால் உள்ளே நான்!

அதாவது, மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் வெளிவந்த என் கட்டுரை. ஓரம் பிசகாமல் பிளேடு வைத்து வெட்டியிருந்தது. கடிதம் கிடையாது. கையெழுத்து கிடையாது. இரண்டாவது பாராவை மட்டும் சுற்றி மஞ்சள் பென்சிலில் ஒரு கோடு. பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் ஒரே ஒரு கேள்வி.

‘இதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?’

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “பேர்கூடப் போடாம எழுதறவனுக்கெல்லாம் என்ன மரியாதை? கிழிச்சுப் போடு” என்றார். நானோ கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மரியாதையான விமர்சனம் எனக்கு வந்தே பல வருஷமாகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உங்களுக்கும் புரிந்திருக்காது. கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்… பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகள் பிறந்த புதிது. எனக்கு இருபத்து மூன்று வயது. தமிழ் எம்.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. அம்பத்தூரில் ஒரு மாலைக் கல்லூரியில் டியூட்டர் வேலை கிடைத்தது. கல்லூரி என்றதும் தூண், தோட்டம் என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். பகலில் அது பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதே கட்டடம் கல்லூரி. எட்டாம் வகுப்புப் பெஞ்சில் முப்பது, முப்பத்தைந்து வயது ஆசாமிகள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் சுவரில் ‘நகம் கடிக்காதே’ என்று சார்ட் தொங்கும்.

முக்கால்வாசிப் பேர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். லேத், டிரில்லிங், பிரஸ் ஷாப்… முதல் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். எல்லாம் பி.யு.சி. தேறுவதற்காக. இப்போது பிளஸ் டூ வந்து பி.யு.சி. போயே போய்விட்டது. அன்றைக்கு அதுதான் ஏணி.

எனக்குக் கொடுத்தது கட்டுரை வகுப்பு. தமிழ்ப் பரீட்சையில் கட்டுரையால் கவிழ்ந்தவர்களைத் தூக்கி நிறுத்தும் வேலை. கணக்கில் ஃபெயில் என்று சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. தமிழில் ஃபெயில் என்று சொல்லிப் பாருங்கள் — பெண்டாட்டிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்படிச் சிரிப்புக்கு ஆளான முப்பத்திரண்டு பேர் என் வகுப்பில் இருந்தார்கள்.

முதல் தலைப்பு: ‘அறிவியலின் நன்மைகள்’. கட்டுரைகளைத் திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். ‘அறிவியல் என்னும் ஆழ்கடலிலே மனிதன் என்னும் மீன் நீந்தி மகிழ்கின்றது’ என்று ஆரம்பித்தது ஒன்று. அடுத்ததிலும் அதே கடல், அதே மீன். பஜாரில் விற்கும் ஏதோ ஒரு நோட்ஸில் பிடித்த மீன்! பாதிப் பேருக்கு மனப்பாடம் நடுவில் அறுந்துபோய், மீனைக் கரையில் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள்.

விடுவேனா நான்? சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். சந்திப் பிழை, ஒருமை பன்மை, வாக்கியம் முடியாதது, முடிந்தும் முடியாதது… ஒன்று பாக்கியில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலை. கடைசித் தாளைத் திருத்தி முடித்தபோது கறுப்பு எழுத்தைவிடச் சிவப்பு எழுத்து ஜாஸ்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு அக்கறையாக எந்த வாத்தியார் திருத்துவார் சொல்லுங்கள்?

திங்கட்கிழமை தாள்களைக் கொடுத்தேன்.

முதல் பெஞ்சில் கன்னியப்பன். மண்ணூர்பேட்டைக்காரர், லேத்தில் டர்னர், பதினாறு வருஷ சர்வீஸ். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். தாளை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். நாலாக மடித்தார். எழுந்து போய் வாசல் ஓரத்துக் குப்பைக் கூடையில் போட்டார். திரும்பி எனக்கு ஒரு கும்பிடு வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கண் எதிரில்! இரண்டு நாள் தூங்காமல் திருத்தியதை!

அவர் வழியில் இன்னும் நாலு பேர் கூடைக்குப் போனார்கள். மற்றவர்கள் வகுப்பு முடியும்வரை மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பதினொன்று. ‘எல்லாம் திமிர்… சின்னப் பெண் சொல்லிக் கொடுத்தால் கேட்பதா என்கிற ஆம்பிளைத் திமிர்’ என்று வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று மோர் கொடுத்தாள்.

மிச்சமிருந்த பதினொரு பேரில் ஒருத்தி சரோஜா. கன்னியப்பன் வேலை செய்யும் அதே கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். ஒரு நாள் வகுப்பு முடிந்து நான் படி இறங்கும்போது வந்து வழியை மறித்தாள்.

“மிஸ், கன்னியப்ப அண்ணாத்தைய எப்பிடியாச்சும் இட்டாந்துடுங்க மிஸ்.”

“இஷ்டமில்லாதவரை நான் என்ன தூக்கிட்டா வர முடியும்?” என்றேன் சுள்ளென்று.

“அய்ய, இஷ்டமில்லாமலா மிஸ் மூணாந்தபா எய்துறாரு? இந்த வாட்டி பாஸாவலன்னா சார்ஜ்மேன் போஸ்ட்டு போச்சு. ரிசல்ட்டு வர்ற வரைக்கும்தான் அத்த வெச்சினு இருப்பாங்களாம். அண்ணாத்த கைய புட்ச்சி வேல கத்துகினவன் ஒர்த்தன் கீறான் மிஸ். அவன் பி.யு.சி. பாஸு. அவன சார்ஜ்மேனா போட்டுடுவாங்க. அப்பறம் அண்ணாத்த லீவு ஓணும்னா அவங்கிட்ட போய்க் கையக் கட்டிகினு நிக்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபம் போகவில்லை. அந்த மனுஷனை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை, முதல் ஷிப்ட் விடும் நேரம். மத்தியான வெயிலில் கம்பெனி கேட் எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதியது. சைக்கிள் வெள்ளம். என்னைப் பார்த்ததும் கன்னியப்பன் பதறிப் போய் இறங்கினார்.

“வாங்க மிஸ்! இன்னா மிஸ் இந்த வெயில்ல? டீ சாப்புடுறீங்களா?”

“டீ இருக்கட்டும். நான் ராப்பகலா உட்கார்ந்து திருத்தினதைக் குப்பையில போட்டீங்களே… அது என்ன பழக்கம்?”

அவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம்.

“நீங்கதானே மிஸ் செவப்பு அட்ச்சீங்க?”

“சிவப்பு மையில திருத்தினேன். அதுக்கு?”

“செவப்பு அட்ச்சா ஸ்கிராப்பு மிஸ். கடாசிட வேண்டியதுதான். நீங்க பொம்பள, இன்னும் புதுசு… மூஞ்சிக்கு நேரா சொல்ல சங்கடப்படுவீங்க. அத்தொட்டு ஒங்களுக்கு எதுக்கு அந்த வேலன்னு நானே கடாசிட்டேன்.”

கேட் இடுக்கு வழியாகக் கையைக் காட்டினார். உள்ளே ஷெட் ஓரத்தில் இரும்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்ட் ஒரு தீற்று.

“அந்தோ பாருங்க. எங்க ஷிப்ட்டுல வீணாப் போனது எல்லாம் அங்க கெடக்குது. அத்த மறுபடி மிஷின்ல ஏத்த மாட்டாங்க. உருக்கத்தான் போவும்.”

நான் குடையை இறக்கிவிட்டேன். வெயில் உறைக்கவில்லை. முப்பத்திரண்டு பேரிடம், ஒவ்வொரு வரியிலும், நீ உருப்படமாட்டாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அவர்களும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திமிர் யாருக்கு? வெட்கத்தில் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன். “சரி… சரிபண்ணக்கூடிய பீஸுன்னா?”

“அத்துக்கு மஞ்ச மிஸ்” என்றார் கன்னியப்பன். “மஞ்ச அட்ச்சா ரீவொர்க்கு. எங்க மிஸ்டேக்கோ அங்க மட்டும் இன்னொரு தபா புட்ச்சா சரியாப் பூடும். மஞ்ச அட்ச்ச பீஸ எவனும் கடாச மாட்டான். அது உசுரோட கீற பீஸ் மிஸ்.”

இதற்குள் சரோஜாவும் கேட்டுக்கு வந்துவிட்டாள். செக்கிங் டேபிளில் சிவப்பு அடிப்பதும் மஞ்சள் அடிப்பதும் அவள் கைதான்! பச்சை அடித்து ஓகே சொல்வதும் அவள்தான். “இதை ஏண்டி எங்கிட்ட முதல்லயே சொல்லல?” என்றேன்.

“நான் இன்னா கண்டேன் மிஸ்? நீங்க நல்லா பாத்துட்டுதான் ஸ்கிராப்புன்னு அட்ச்சிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அப்போ உன் தாள்லயும் சிவப்புதானே? நீ மட்டும் ஏன் நிக்கல?”

“தெனம் பூரா செவப்பு அடிக்கிறவ மிஸ் நானு. வாங்குறவங்கதான் பயப்புடுவாங்க” என்றாள்.

அன்றைக்கே அம்பத்தூர் கடைத்தெருவில் மஞ்சள் பென்சில் கேட்டேன். தனியாகக் கிடையாது, கலர் பென்சில் டப்பாவாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். வாங்கினேன். மஞ்சளை எடுத்துக்கொண்டு மிச்சம் பதினொன்றையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

சரோஜாவிடம் இன்னொரு பாடமும் கற்றேன். ஒரு பீஸில் பத்துக் குறை இருந்தாலும் பத்து இடத்தில் மஞ்சள் அடிக்க மாட்டாளாம். எந்த இடத்தைப் பிடித்தால் மற்றது சரியாகுமோ, அங்கே ஒரே ஒரு கோடு. “எல்லாத்துலயும் அட்ச்சா மிஷின்ல நிக்கிறவன் எத்த மிஸ் மொதல்ல பாப்பான்?” என்றாள். ஆறு வருஷம் கல்லூரியில் படித்த எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அடுத்த வாரம் ஒவ்வொரு தாளிலும் ஒரு மஞ்சள் கோடு, ஓரத்தில் ஒரு கேள்வி. சேதி ஷாப் ஷாப்பாகப் பரவியது. ‘மிஸ்ஸு மஞ்ச அடிக்கிறாங்களாம்!’ பத்து நாளில் இருபத்தெட்டுப் பேர் பெஞ்சில். முதல் பெஞ்சில் கன்னியப்பன். குப்பையில் போட்ட கட்டுரையை நினைவிலிருந்தே திரும்ப எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் அந்த மீனைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டு, ‘இதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?’ என்று எழுதினேன்.

ராத்திரியெல்லாம் யோசித்தாராம். “நான் கடலுக்குப் போயே நாலு வருசம் ஆவுது மிஸ்” என்றார் மறுநாள். “அப்போ நீங்க பார்த்த அறிவியல் எது?” என்றேன். மூன்றாவது ரீவொர்க்கில் இப்படி எழுதியிருந்தார்:

‘முன்பு எங்கள் கம்பெனியில் எல்லா மிஷினும் ஒரே பெல்ட்டில் ஓடும். பெருஞ்சத்தமாக இருக்கும். பிறகு ஒவ்வொரு மிஷினுக்கும் தனி மோட்டார் வந்தது. சத்தம் குறைந்தது. பக்கத்து மிஷின் ஆறுமுகம் பாடிக்கொண்டே வேலை செய்கிறவர் என்று அன்றுதான் தெரிந்தது. ஐந்து வருஷம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியாது.’

எம்.ஏ. படித்த கைக்கு இது வருமா? எனக்கு வராது. எழுந்து நின்று வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். ஆறுமுகத்தைத் தெரிந்தவர்கள் கடைசி பெஞ்சில் விசில் அடித்தார்கள்.

விசில் சத்தம் துறைத் தலைவர் காதுவரை போய்விட்டது. பெரியவர், நல்ல புலமை, சட்டை மடிப்புக் கலையாதவர். என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையா… மஞ்சள் தடவிக் கொடுக்க?” என்றார். ஒரு கோடு போட்டு மற்றப் பிழைகளை விடுவது கடமை தவறுவதாகும் என்றும் சொன்னார். “பப்ளிக் பரீட்சையில உங்க மஞ்சள் செல்லாது. மாதிரித் தேர்வை நானே திருத்தறேன், பார்த்துடலாம்.”

மாதிரித் தேர்வில் தலைப்பு ‘உழைப்பின் உயர்வு’. கன்னியப்பனுக்குப் பரீட்சை என்றதும் பழைய நோட்ஸ் தலைக்குள் புகுந்துகொண்டது. ‘உழைப்பு என்னும் ஏணியிலே…’ என்று ஏற ஆரம்பித்து, நாலாவது படியில் மறந்துபோய் நின்றுவிட்டார். தலைவர் திருத்திய தாள்களை நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு. கீழே ‘தேறவில்லை’ என்று அடிக்கோடு வேறு.

கன்னியப்பன் தாளை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். வகுப்பே குப்பைக் கூடையைப் பார்த்தது. நான் கூடையைப் பார்க்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்தால் போச்சு. பப்ளிக் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

எழுந்தார். என் மேஜைக்கு வந்தார்.

“மிஸ், அந்த மஞ்ச பென்சிலக் குடுங்க.”

கொடுத்தேன். தலைவர் போட்ட ‘தேறவில்லை’க்கு மேலேயே, அழுத்தி, மஞ்சள் கோடு ஒன்று இழுத்தார். அந்த ஏணியைச் சுற்றி இன்னொன்று.

“ஐயாவுக்கு நம்ம கலரு தெரியாது மிஸ். தப்பா அட்ச்சிட்டாரு. இது ரீவொர்க்குதான்.”

சொல்லிவிட்டுத் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அடுத்து ஒருவர் கை நீட்டினார். அப்புறம் இன்னொருவர். பென்சில் பெஞ்ச் பெஞ்சாகப் போனது. என்னிடம் திரும்பி வந்தபோது கட்டை விரல் நீளம்தான் மிச்சம். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம், பரிசு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வையுங்கள்… அந்தப் பென்சில் துண்டை இன்னொரு தட்டில் வைப்பேன் நான்.

பப்ளிக் பரீட்சையில் தலைப்பு ‘மரங்களின் பயன்’. ஹாலை விட்டு வெளியே வந்தவரிடம் ஓடினேன். நோட்ஸில் ‘மரம் என்னும் தாய்’ உண்டு என்று எனக்குத் தெரியும்.

“மரத்தப் பத்தி நமக்கு இன்னா தெரியும்னு மொதல்ல பேஜாராப் பூட்ச்சி மிஸ்” என்றார். “அப்பால, எங்க பாத்தேன்னு கேட்டுப் பாத்தேன். கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுல ஒரே ஒரு வேப்பமரம் கீது. அந்த நெயலுக்குத்தான் தெனம் காலைல சண்ட. முந்தி வந்தவனுக்கு ஷிப்ட் வுட்டதும் சைக்கிள் சீட்டு சுடாது. அத்த எய்தினேன். மூணு பக்கம் வந்துச்சு!”

ரிசல்ட் கோடை விடுமுறையில் வந்தது. அன்று சாயங்காலம் நாலரை மணி இருக்கும். தெருக்கோடியிலிருந்தே “பச்ச மிஸ்! பச்ச!” என்று ஒரு கூச்சல். திருநின்றவூரில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கன்னியப்பனும் சரோஜாவும் ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். கையில் நியூஸ் பேப்பர். ரெண்டு நம்பரைச் சுற்றி, செக்கிங் டேபிள் பெயிண்டால், சரோஜா பச்சை அடித்திருந்தாள். பெயிண்ட் சரியாகக் காயாமல் நாலு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா பாவம், அதைப் பிரித்துப் படிக்க ரொம்ப நேரம் போராடினார்.

என் இருபத்தெட்டுப் பேரில் இருபத்து மூன்று பேருக்குப் பச்சை. அடுத்த மாதமே கன்னியப்பன் சார்ஜ்மேன். கை பிடித்து வேலை கற்றுக்கொண்டவன்தான் முதல் மாலை போட்டானாம். அடுத்த வருஷம் துறைத் தலைவர் மேஜையில் ஒரு மஞ்சள் பென்சில் இருந்தது. “பேத்தியோடது” என்றார். நானும் நம்பினேன்.

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். யார் அனுப்பியது என்று இனி நான் சொல்ல வேண்டுமா? கன்னியப்பன் இப்போது ஆவடி பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன் என்று கேள்வி. சரோஜாவும் அங்கேயே செக்கிங்கில்தான் இருக்கிறாளாம். மூன்று வாரத்துக்கு முன் நான் எழுதிய இரண்டாவது பாரா, மழையில் பூந்தமல்லிப் பூக்கடைகளைப் பற்றியது. ‘நனைந்த மல்லிகையின் மணம் தெருவெல்லாம் தேனாய் வழிந்தோட…’ என்று எழுதியிருந்தேன்.

எங்கே பார்த்தேன்? எங்கேயும் பார்க்கவில்லை! ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது. அத்தனை வாசகர்கள் படித்தீர்களே, ஒருவராவது பிடித்தீர்களா?

முந்தாநாள் நல்ல மழை. குடையை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். பூக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். நனைந்த மல்லிகைக்கு வாசமே இல்லை. பூக்காரம்மாக்கள் பூக்கூடைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு, தாங்கள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவெல்லாம் மணத்தது, எதிர்த்த வண்டியில் வறுத்துக்கொண்டிருந்த வேர்க்கடலை.

கன்னியப்பன் சார், ரெண்டாவது பாரா ரீவொர்க் முடிந்தது… சரோஜாவிடம் காட்டிப் பச்சை வாங்கித் தருவீர்களா?